ஒற்றைக் கொம்புச் செவலை

இந்த வருஷம் பாஸ்காவில் கோமாளி கிடையாது என்று மதலைமுத்து சாமியார் சொன்னபோது, சந்தனராஜ் சாரத்தில் நின்று கோயில் மதிலுக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தான். சாமியார் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். சந்தனராஜ் கரணையை வைத்துவிட்டு இறங்கி, கையைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான். அதற்குள் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனாங்க சாமி?"

"தப்பாப் பேசல. நீ நல்லாப் பேசுற. அதுதான் கஷ்டம்."

புளியங்களம் ஆவூருக்கும் இலுப்பூருக்கும் நடுவில் இருக்கிற பழைய மிஷன் ஊர். ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு அங்கே சேசுநாதருடைய பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். பாஸ்கா என்று பெயர். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கிறிஸ்தவர்களும் மற்றவர்களும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் காட்சிக்குக் காட்சி இடையில் வந்து போகிற கோமாளி வேஷம் சந்தனராஜுடையது. பிலாத்து கை கழுவும்போது தண்ணீர் ஊற்றுகிற வேலைக்காரனும் அவன்தான். "ஊரு சனம் குடிதண்ணிக்கு ரெண்டு மைல் நடக்குது, தொரைக்குக் கை கழுவ ஒரு கொடமா?" என்று அவன் முனகினால் பொட்டல் முழுக்கச் சிரிப்பு எழும்.

"போன வருஷம் நாடகம் முடிஞ்சு போன ஒரு அம்மாகிட்ட என்னம்மா பாத்தீங்கன்னு கேட்டேன்," என்றார் சாமியார். "நீ தண்ணி ஊத்துறப்ப பேசினதை அப்படியே ஒப்பிச்சாங்க. ஆண்டவர் சிலுவையில சொன்னதுல ஒரு வார்த்தை தெரியல. எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல, சந்தனராஜ்."

சந்தனராஜுக்கும் அது பொய்யாகப் படவில்லை. ஆனாலும் சொன்னான். "அழுதுக்கிட்டே இருந்தா சனத்துக்கு மூச்சு முட்டிப்போகுமேங்க சாமி. நடுவுல கொஞ்சம் விட்டுப் புடிக்கணும்."

"முட்டட்டும். ஒரு வருஷம் முட்டினா என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை. இருட்டினால் குடித்துவிட்டு வருகிறார்கள் என்று நாடகத்தைப் பகலிலேயே வைத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருந்தார். சின்ன வயசு, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஊர்மேல் அக்கறை. சந்தனராஜ் சரிங்க என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாரத்தில் ஏறினான். அன்றைக்குப் பூசிய பூச்சு மட்டும் மேடும் பள்ளமுமாக வந்தது.

ஊருக்கு அப்போது கோமாளி போனது பெரிய விஷயமாக இல்லை. யூதாஸ் யார் என்பதுதான் பேச்சு. வழக்கமாக யூதாஸ் வேஷம் கட்டுகிறவன் பங்கிராஸ், சந்தனராஜின் தங்கை ஜெபமாலையம்மாளின் புருஷன். அவன் அப்போது ஜெயிலில் இருந்தான். சமஸ்தானம் போய், மதுவிலக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியும் புளியங்களத்துப் பாறைக்குப் பின்னால் சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லை. மழை இல்லாத வருஷங்களில் ஏழெட்டு வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். மாசி மாதம் போலீஸ் வந்தது. எங்கும் தேடவில்லை. நேரே பாறைக்குப் போய், ஊறல் பானை புதைத்திருந்த இடங்களைத் தோண்டி உடைத்துவிட்டுப் பங்கிராஸைக் கூட்டிக்கொண்டு போனது. ஆறு மாதம் போட்டார்கள்.

நேரே போனார்கள் என்றால் யாரோ கைகாட்டியிருக்க வேண்டும். யார்? அதற்கு முந்தின சந்தை நாளில், இலுப்பூருக்கு ஆடு விற்கப் போன அடைக்கலசாமி போலீஸ் ஸ்டேஷன் தெருவில் நின்றதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அது போதுமாக இருந்தது. அடைக்கலசாமி ஐம்பது வயதுக்காரர், குடிக்காதவர், யாரிடமும் இறங்கிப் பேசாதவர். பங்கிராஸோடு வாய்க்கால் தகராறு வேறு இருந்தது. அவரிடம் நேருக்கு நேராகக் கேட்டபோது இல்லை என்று சொல்லவில்லை. "அப்படியா சொல்றாங்க?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதையும் ஊர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டது. அவர் வீட்டுக்கு வண்ணான் வருவது நின்றது. அவர் வைக்கோல்போர் ஒரு மத்தியானம் தானாகத் தீப்பிடித்தது.

அந்த மனுஷரைத்தான் சாமியார் யூதாஸாக நடிக்கச் சொன்னார். ஊர்ப் பேச்சு சாமியார் காதுக்கு முழுசாகப் போகவில்லை. வசனம் பிசகாமல் சொல்லக்கூடிய குரல் அடைக்கலசாமிக்கு இருந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஜெபமாலை அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். எப்போதும் அவன் பெண்டாட்டி மரிய செல்விதான் கொண்டுவருவாள். தங்கை வந்ததைப் பார்த்ததுமே சந்தனராஜ் சாரத்தைவிட்டு இறங்கினான். அவள் மதில் நிழலில் தூக்குவாளியை வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அண்ணே, சொல்லிக் குடுத்தது நான்தான்."

சந்தனராஜ் சுற்றும்முற்றும் பார்த்தான். மதிலோரம் ஒரு ஆடு மட்டும் நின்றது.

"தை மாசம் குடிச்சிட்டு வந்து மூத்தவளைக் கன்னத்துல அறைஞ்சாரு. இன்னமும் அந்தப் பக்கத்துக் காது கேக்கல அவளுக்கு. என்னைய அடிச்சா வாங்கிக்குவேன். பதினோரு வயசுப் பிள்ளை என்ன செஞ்சுச்சு? சந்தைக்குப் போறேன்னு போயி, ஸ்டேஷன்ல ரைட்டர்கிட்ட எடத்தைச் சொல்லிட்டு வந்துட்டேன். குடி நின்னா போதும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு தெரியல."

"சந்தியாகுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஒன் முன்னாடி ஒக்காந்திருப்பேனா?"

சந்தியாகு பங்கிராஸின் தம்பி. அண்ணன் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து தாடி வளர்த்துக்கொண்டு திரிந்தான். சொல்லிக் கொடுத்தவனை அண்ணன் திரும்பி வருமுன் முடித்துவிடுவதாகக் கல்லறைத் தோட்டத்தில் சத்தியம் செய்திருந்தான். பாஸ்காவில் அவன் சேவகன் வேஷம்.

"அடைக்கலசாமி அண்ணன் வைக்கோல் எரிஞ்சதை வாசல்ல நின்னு பாத்தேன்," என்றாள் ஜெபமாலை. "சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வருது. பிள்ளைக மூஞ்சியப் பாத்தா உள்ளுக்குப் போயிருது. நான் என்ன செய்யட்டும்?"

"நீ யார்கிட்டயும் பேசாத. நான் பாத்துக்கிறேன்," என்றான் சந்தனராஜ். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அடைக்கலசாமியின் கொல்லைக்குப் போனான். அவர் வேலிக்கு முள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாடகத்தைப் பற்றி, வெயிலைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்.

"இந்த வருஷம் அந்த வேஷம் வேணாம்ண்ணே. காய்ச்சல்னு சொல்லிருங்க. சாமிகிட்ட நான் பேசுறேன்."

"மாட்டேன்னா, ஆமான்னு அர்த்தமாயிரும். வேஷம் கட்டிட்டு எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிப்பேன். பாக்குறவன் பாக்கட்டும்."

"சந்தியாகு சும்மா இருக்க மாட்டான்."

"இருக்க மாட்டான்."

"அண்ணே, அன்னிக்கு இலுப்பூர்ல…"

அடைக்கலசாமி முள்ளைக் கீழே வைத்தார். "நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். ஆட்டை ஓட்டிக்கிட்டு அந்தத் தெரு வழியாத்தான் வந்தேன். ஸ்டேஷன் படியில எறங்கி வந்த பொண்ணு என்னையப் பாக்கல, நான் பாத்தேன். பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். நான் நின்னதைத்தான் எவனோ பாத்திருக்கான்."

சந்தனராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். "அப்ப ஏண்ணே நீங்க…"

"என்னத்தச் சொல்ல? என் வைக்கோல் போரைக் காப்பாத்த ஒரு பொம்பளப் பிள்ளையக் காட்டிக் குடுக்கவா? அதுக்கப்புறம் வேஷம் எதுக்கு, நானே யூதாசுதான். போ, சந்தனம். இதைப் பத்தி இன்னொரு தரம் என்கிட்ட வாயத் தொறக்காத."

ஈஸ்டருக்கு மறு ஞாயிறு உச்சி சாய்ந்ததும் பொட்டலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோயிலுக்கு எதிரே சவுக்குக் கம்பு நட்டுப் பலகை அடித்த மேடை. கீற்றுப் பந்தல் பாதிக் கூட்டத்துக்குத்தான் நிழல் கொடுத்தது. வேஷம் இல்லாததால் சந்தனராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தான். சற்றுத் தள்ளிப் பெண்கள் பக்கத்தில் ஜெபமாலை மூத்தவளை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாடகம் தொடங்கியது. சாமியார் சொன்னது சரிதான் என்று சந்தனராஜுக்குக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அமைதியை அவன் அந்தப் பொட்டலில் கண்டதில்லை. பூங்காவனத்தில் சேசுநாதர் முழங்காலில் விழுந்து ஜெபித்தபோது பெண்கள் விம்மினார்கள். கோமாளி வர வேண்டிய இடங்களிலெல்லாம் யாரும் வரவில்லை. அழுகை அடங்குமுன் அடுத்த அழுகை வந்து மேலேறியது. பிலாத்து கை கழுவினான். யாரும் பேசவில்லை. தண்ணீர் தாம்பாளத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சந்தனராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தான் இத்தனை வருஷம் இந்த இடத்தைக் கெடுத்துக்கொண்டுதான் இருந்தோமோ என்று நினைத்தான்.

ஆனால் அந்த அழுகை எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் அவன் கவனித்துக்கொண்டிருந்தான். யூதாஸ் முத்தமிட்டபோதே கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து மேடையில் விழுந்தது. அடைக்கலசாமி அதைப் பார்க்காதவர்போல் வசனத்தைச் சொல்லி முடித்தார். கற்றூணில் கட்டிச் சேசுநாதரைச் சேவகர்கள் அடித்தபோது யாரும் சேவகர்களைத் திட்டவில்லை. "சொல்லிக் குடுத்தவன் எங்கடா?" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. சேவகர்களில் ஒருவனாக நின்ற சந்தியாகுவின் கையில் மற்றவர்களைப்போல மூங்கில் கழி இல்லை. பூண் போட்ட கம்பு இருந்தது.

பிலாத்து தீர்ப்புச் சொன்னபின் யூதாஸ் தூக்குப் போட்டுக்கொள்ளும் காட்சி. மேடையில் ஒரு வேப்பங்கிளையை ஆழமாக நட்டுத் தாங்குகட்டை கொடுத்திருந்தார்கள். யூதாஸ் ஒரு முக்காலியில் ஏறிக் கழுத்தில் சுருக்கை மாட்டிக்கொண்டு புலம்பிவிட்டு முக்காலியை உதைத்துத் தள்ளுவான். அங்கிக்குள் இடுப்பில் இன்னொரு கயிறு இருக்கும். திரைக்குப் பின்னால் இரண்டு பேர் அதை இழுத்துப் பிடித்திருப்பார்கள். பாரம் இடுப்புக்குப் போய்விடும்.

அடைக்கலசாமி முக்காலியில் ஏறிச் சுருக்கை மாட்டினார். அவர் வாயைத் திறக்குமுன் முதல் கல் வந்தது. அது திரையில் பட்டது. அடுத்தது அவர் தோளில் பட்டது. பிறகு எண்ண முடியவில்லை. திரை கிழிந்தது. திரைக்குப் பின்னாலிருந்த இருவரும் தலையைப் பிடித்துக்கொண்டு குதித்து ஓடுவதைச் சந்தனராஜ் பார்த்தான். இடுப்புக் கயிறு தொய்ந்து பலகையில் கிடந்தது. அடைக்கலசாமிக்கு அது தெரிந்ததா இல்லையா, சொல்ல முடியாது. ஓடவில்லை. சுருக்கைக் கழற்றவும் இல்லை. நேராக நின்று யூதாஸின் புலம்பலை எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து இரத்தம் புருவத்துக்கு இறங்கியது.

மதலைமுத்து சாமியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்துக்கும் மேடைக்கும் நடுவே வந்து நின்றார். ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கூட்டம் முன்னால் நெட்டியதில் அவர் விழுந்தார், மறுபடி எழுந்தார், மறுபடியும் தள்ளப்பட்டார். சந்தியாகு மேடையில் ஏறிவிட்டான். அந்தக் காட்சியில் அவனுக்கு வேலையே இல்லை. முக்காலியைப் பார்த்து நடந்தான்.

"தள்ளுடா," என்றது கூட்டம்.

சந்தனராஜ் தங்கையைப் பார்த்தான். அவள் எழுந்து நின்றிருந்தாள், வாய் திறந்திருந்தது. இன்னும் ஒரு கணத்தில் சொல்லிவிடுவாள். சொன்னால் அதே கல் அந்தப் பக்கம் திரும்பும். பக்கத்தில் பிள்ளை இருக்கிறது.

தான் எழுந்ததோ மேடையில் ஏறியதோ அவனுக்கு நினைவில்லை. ஏறியபின், ஆயிரம் முகம் எதிரே இருக்க, வாயில் ஒன்றும் வரவில்லை. கூட்டம் கோபத்தில் இருக்கும்போது அதற்கு ஒரே முகம்தான். அந்த முகத்தை அவன் அதற்குமுன் மேடையிலிருந்து பார்த்ததில்லை. அடைக்கலசாமியின் கழுத்திலிருந்து கிளைக்குப் போன சுருக்குக் கயிறு மட்டும் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அடைக்கலசாமியைப் பார்த்துக் கேட்டான்.

"யோவ், எறங்குய்யா. இது எங்க மாட்டுக் கயிறு."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கல் அவன் காதோரம் போயிற்று.

"சாகுறவன் சொந்தக் கயித்துல சாக வேணாமா? கயித்த நீ எடுத்துக்கிட்டு வந்துட்ட, அங்கிட்டு மாடு அவுத்துக்கிட்டுப் போயிருச்சு. வீட்டுல அவ வெளக்கமாத்த வச்சுக்கிட்டு நிக்கிறா. நீ பாட்டுக்குப் போய்ச் சேந்துருவ, அடி வாங்குறது யாரு?"

சொல்லிக்கொண்டே சுருக்கைத் தளர்த்தினான். கிளையிலிருந்த முடிச்சையும் அவிழ்த்தான். பொட்டல் அப்படியே நின்றது, சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அந்த அமைதி கல்லைவிடப் பயமாக இருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அழுகை தொண்டையில் திசை மாறி வெளியே வந்ததுபோல ஒரு சிரிப்பு. ஜெபமாலை. பங்கிராஸின் பெண்டாட்டியே சிரிக்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பின்னால் ஒரு கிழவர் பொக்கை வாயால் களுக்கென்றார்.

சந்தியாகு முக்காலிக்கு அருகே வந்துவிட்டான். சந்தனராஜ் அவன் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டான்.

"சேவகர் ஐயா, நல்ல வேளை வந்தீங்க. கம்பும் கையுமா இருக்கீங்க, மாடு மேய்க்கிற சோலிதானே? நம்ம மாட்டப் பாத்தீங்களா? செவலை. ஒத்தைக் கொம்பு."

சிரிப்பு இப்போது இரண்டு மூன்று இடத்திலிருந்து எழும்பியது. சந்தியாகுவின் முகம் கறுத்தது. "வெலகிக்க மாமா," என்று பல்லுக்குள் சொன்னான். சந்தனராஜ் விலகவில்லை. கம்பு ஓங்கியது. பூண் அவன் தோள்பட்டையில் இறங்கியபோது உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. கண் இருண்டது. விழுந்தே தீர வேண்டியிருந்தது. விழும்போது, பழக்கத்தில், உடம்பு தானாக ஒரு சுற்றுச் சுற்றிப் பிட்டம் பலகையில் பட உட்கார்ந்தது.

"மாட்டக் காணோம்னா," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, "கேக்குறவனையேவா மாடு மாதிரி அடிக்கிறது?"

பொட்டல் வெடித்துச் சிரித்தது. தலையைப் பின்னால் சாய்த்து, ஒருவன் தோளில் ஒருவன் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல் வைத்திருந்தவன் சிரித்தால் கல்லை எறிய முடியாது. சிரித்தபோது ஒவ்வொருவனுக்கும் அவனவன் முகம் திரும்பி வந்ததைச் சந்தனராஜ் கீழே உட்கார்ந்தபடி பார்த்தான். இது சின்னப்பன், இது கொல்லர் வீட்டுப் பையன், இது சுண்ணாம்புக்காரர். சந்தியாகு கம்பை மறுபடியும் ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் இன்னொரு தரம் அடித்தால் அதுவும் கூத்தாகத்தான் ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் சிரிப்பு அடங்கும். அடங்கினால் மறுபடி அந்த ஒற்றை முகம் வந்துவிடும். அதற்குள் மனுஷரை மேடையைவிட்டு இறக்கியாக வேண்டும். சந்தனராஜ் ஒரு கையை ஊன்றி எழுந்து, அடைக்கலசாமியை மேலும் கீழும் பார்த்தான்.

"அடே, இந்தா நிக்கிதே நம்ம செவலை."

அடைக்கலசாமியின் கண் அவன் கண்ணைப் பார்த்தது. அந்தப் பார்வையைச் சந்தனராஜ் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. கயிற்றைச் சுண்டி இழுக்கிற பாவனையில் அருகே போய்க் காதோரம் சொன்னான்.

"கத்துங்கண்ணே. ஒரே ஒரு தரம். ஒங்க கால்ல விழுறேன்."

வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு அந்த மனுஷர், ஒரு நாளும் யாரிடமும் தலை குனியாதவர், முக்காலியிலிருந்து இறங்கிக் குனிந்து, "ம்மா" என்றார்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சந்தனராஜ் முறிந்த தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையில் கயிற்றைப் பிடித்து, "ஹை, ஹை" என்று அவரை மேடைக்குப் பின்புறமாக ஓட்டிக்கொண்டு போனான். கோயில் சாமான் அறைக்குள் தள்ளி, தானும் நுழைந்து கதவைத் தாளிட்டபின் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். எதிரே அடைக்கலசாமி இருட்டில் நின்றார். கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது. அதை அவர் கழற்றிக் கீழே போட்டார்.

வெளியே சாமியார் கிழிந்த அங்கியோடு மேடையேறி, சிலுவைப் பாதைக் காட்சியைத் தொடங்கச் சொல்லிவிட்டார். சிரித்துக் களைத்திருந்த சனம் உட்கார்ந்தது. நாடகம் முடிந்தது. சேசுநாதர் உயிர்விட்டபோது முன்பைவிட அதிகமாக அழுதார்கள் என்று பிறகு சொன்னார்கள். சந்தனராஜ் அதைப் பார்க்கவில்லை. அவனை வண்டியில் போட்டு எலும்பு கட்டுகிறவரிடம் கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து அடைக்கலசாமியைக் கொல்ல வேண்டும் என்று யாரும் பேசவில்லை. 'ம்மா' என்று கத்தினவனை யார் வெட்டுவது? ஆனால் அவர் தெருவில் நடந்தால் எங்கிருந்தோ ஒரு "ம்மா" வரும். பிள்ளைகள் அவரைச் செவலை என்றார்கள். கடைக்காரன் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் அவர் போனபின் சிரித்தான். சொல்லிக் கொடுத்தவன் என்ற பழியும் போகவில்லை. பயமில்லாமல் அதைச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மாதத்தில் அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். கட்டுப் போட்ட தோளோடு சந்தனராஜ் இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனான். கதவு திறக்கவில்லை.

சாமியார் அவனைப் பார்க்க வந்தார். கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ செஞ்சது பெரிய காரியம்," என்றார். "ஆனா அதுதான் சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"எனக்குந்தான் சாமி," என்றான் சந்தனராஜ். "உசுரு இருக்கு. அந்த மனுசனை மனுசனா அங்கேருந்து கொண்டுவர எனக்குத் தெரியல."

ஜெபமாலை அண்ணனுக்கு ஒத்தாசையாக அங்கேயேதான் இருந்தாள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் கூடியபோது அவள் யாரையும் கேட்கவில்லை. மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் ஏறி நின்றாள்.

"ஸ்டேஷன்ல போய்ச் சொன்னது நான்தான். அடைக்கலசாமி அண்ணன் இல்ல. அவரு என்னைய அங்க பாத்தாரு, பாத்தும் வாயைத் தொறக்கல. என்னத்துக்குச் சொன்னேன்னு கேக்குறவங்க இந்தப் பிள்ளைய இடது பக்கம் நின்னு கூப்பிட்டுப் பாருங்க."

யாரோ ஒரு கிழவி, இடது பக்கம் நின்றிருந்தவள், மெதுவாகப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. சந்தியாகு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவன் கை இடுப்புக்குப் போனதைச் சந்தனராஜ் பார்த்தான். ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தங்கைக்கு முன்னால் போய் நின்றான். மரிய செல்வி வந்து நின்றாள். அந்தக் கிழவியும் வந்து நின்றாள். சாமியார் பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் வந்து படியில் நின்றார். சந்தியாகு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தூக்கி வளர்த்த பிள்ளை. கையை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே நடந்து போனான். இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தான்.

ஜெபமாலை அதற்கப்புறம் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. பங்கிராஸ் ஜெயிலிலிருந்து வந்ததும் ஒரு சாயங்காலம் சந்தனராஜின் வாசலுக்கு எதிரே வந்து நின்றான். வெகுநேரம் நின்றான். சந்தனராஜ் கதவில் சாய்ந்து நின்றான். கடைசியில் பங்கிராஸ் மூத்த மகளைப் பார்க்க வேண்டும் என்றான். அவள் வரமாட்டேன் என்றாள். அவன் இலங்கைக்குப் போய்விட்டதாக அடுத்த வருஷம் கேள்விப்பட்டார்கள்.

அடைக்கலசாமியைச் செவலை என்று கூப்பிடுவது உடனே நிற்கவில்லை. பழி போவது சுலபம், பட்டப்பெயர் போவது கஷ்டம். ஆனால் பெரியவர்கள் யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் சந்தனராஜ் இலுப்பூருக்கு பஸ் ஏறினான். காலியாக இருந்த ஒரே இடம் அடைக்கலசாமிக்குப் பக்கத்தில். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனபின், திரும்பாமலே கேட்டார்.

"தோளு எப்படி இருக்கு?"

"தலைக்கு மேல தூக்க முடியலண்ணே. பூச்சு வேலை பாதிதான் பாக்குறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா. மாடுன்னு ஏன் சொன்ன?"

"வேற ஒன்னும் வாயில வரலண்ணே. கயிறு கையில இருந்துச்சு."

பஸ் ஒரு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கியது.

"நான் கத்தினேன் பாரு," என்றார். "ஒன் பேச்சுக்காகக் கத்தல. அந்தப் பக்கம் ஒன் தங்கச்சி எந்திரிச்சு நின்னுச்சு. நானும் பாத்தேன். அதுக்காகத்தான்."

சந்தனராஜ் அவர் முகத்தைப் பார்த்தான்.

"அதுக்காக ஒன்னைய மன்னிச்சிட்டேன்னு நெனக்காத," என்றார் அடைக்கலசாமி. "எனக்கு இன்னமும் ராத்திரியில அந்தச் சிரிப்பு கேக்குது."

"எனக்கும் கேக்குதுண்ணே."

கண்டக்டர் வந்தான். அடைக்கலசாமி மடியிலிருந்து சில்லறையை எடுத்து, "ரெண்டு இலுப்பூர்," என்றார்.